சரக்கு சுத்தம்தான்

31 வருடங்களாக மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறவன் நான். எங்கள் மண்டி சேலம் லீ பஜாரில் இருக்கிறது. மாசி பிறந்துவிட்டால் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கங்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும். ஆனி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. பேரேட்டின் ஓரம் மஞ்சள், மூக்குக்கண்ணாடிச் சட்டம் மஞ்சள், டீ டம்ளரின் விளிம்பு மஞ்சள். வீட்டில் என் துணிகளை மட்டும் தனி வாளியில்தான் ஊறவைப்பார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன சித்திரையில் என் கண்கள் மஞ்சளித்தபோது மண்டியில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெயில் காலம், தண்ணீர் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவெல்லாம் அரித்தன. மஞ்சள் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். 31 வருடமாக ஒத்துக்கொண்ட தூசி இந்த வருடம் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளாமல் போனது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

கண்டுபிடித்தவர் என் மனைவி. கண்டுபிடித்த இடம் ஏற்காடு பஸ். மண்டிக்கு மிளகு கொண்டுவந்து போடும் நண்பர் ஒருவர் வீட்டில் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். அடிவாரம் தாண்டியதும் எனக்குக் குமட்டல். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் குமட்டினால் யார் சந்தேகப்படுவார்கள்? எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன். மேலே ஏறியதும் மூடுபனி. பஸ்ஸுக்குள் பால் போன்ற வெளிச்சம். மனைவி என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "ஏங்க, கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்றார். கழற்றினேன். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளைக் கூப்பிட்டு, "இவர் கண்ணைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "காமாலை."

விசேஷ வீட்டில் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் இறங்கினோம். மஞ்சள் மண்டிக்காரனுக்கு மஞ்சள் காமாலை என்று லீ பஜார் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. சிரிக்கட்டும். எந்த மஞ்சளால் வந்தது என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கதை தை மாதத்தில் தொடங்குகிறது. எனக்கு வயது 58. தரையில் சம்மணம் போட்டுக் கணக்கெழுதிப் பழகியவன் என்பதால் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தவன், ஆத்தூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு வாங்கியதோடு எனக்கும் சேர்த்து ஒரு பாட்டில் மஞ்சள் கேப்சூல் வாங்கி வந்திருந்தான். "மாமா, இது நம்முடைய சரக்குதான். ஒன்றும் பயப்படாதீர்கள்" என்றான். நான் ஏன் பயப்படப் போகிறேன்? அவன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே நான் மஞ்சளில் புரண்டவன். தீர்ந்ததும் இன்னும் இரண்டு பாட்டில் தபாலில் அனுப்பிவைத்தான்.

பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது வாரத்திலேயே முட்டிவலி குறைந்தது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒரு நாள்கூடத் தவறாமல் 11 வாரம் போட்டேன். பங்குனியில் பசி விட்டுப்போனது. தட்டுவடை செட் என்றால் இரண்டு தட்டு சாப்பிடுகிறவன், வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதியம் மூட்டைமேல் சாய்ந்தால் அப்படியே தூங்கிவிடுவேன். சீசன் அலுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் ஐந்து நாள் வீணாகப் போனது. அதில் பாதித் தப்பு என்னுடையது. காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 9.4 இருந்தது, 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 1,180, 40-க்குள் இருக்க வேண்டியது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் கிருமிகள் ஏ, பி, சி, ஈ நான்கும் இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. மது குடிப்பீர்களா என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். இல்லை என்று சொன்னதை மூவருமே நம்பியதாகத் தெரியவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கேப்சூலை நான் மருந்துக் கணக்கில் எழுதவே இல்லை.

ஆறாம் நாள் ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். கேள்வியை அவர் வேறு மாதிரிக் கேட்டார். "ஐயா, மாத்திரையை விடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை வாய்க்குள் என்னென்ன போகிறது? ஒன்று விடாமல் சொல்லுங்கள்." பல்பொடியில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இட்லிக்குப் பிறகு மஞ்சள் கேப்சூல் என்றதும் அவர் பேனா நின்றது.

"எத்தனை மாதமாக?"

"தை மாதத்திலிருந்து."

"பாட்டிலை எடுத்து வரச் சொல்லுங்கள்."

மனைவி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். அந்தப் பாட்டிலை அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு மூட்டை வந்தால் குத்தூசியால் மூன்று இடத்தில் குத்திச் சரக்கை வெளியே எடுத்துப் பார்க்காமல் நாங்கள் விலை பேச மாட்டோம். மஞ்சள் விரலியை இரண்டாக உடைப்போம். 'டக்' என்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம். உடைந்த முகத்தில் உள்நிறம் பார்ப்போம். முகர்ந்து பார்ப்போம். பாலிஷில் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். இத்தனையும் ஊராருக்குப் போகும் சரக்குக்கு. என் வயிற்றுக்குள் போன சரக்கை மூடியைத் திறந்து விழுங்கியதோடு சரி.

படித்தால் ஒரு பக்கம் சின்ன எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருந்தது. மருந்து உரிம எண் இல்லை. சட்டப்படி அது உணவுக் கணக்கில் வருகிற பொருள். முன்பக்கம் மஞ்சள் கிழங்கோடு ஒரு பச்சை இலை வரைந்திருந்தது. இதய வடிவ இலை. மஞ்சள் இலை வாழை இலையைப் போல நீளமாக இருக்கும். படம் வரைந்தவனுக்கு மஞ்சள் செடியே தெரியாது என்று முன்பு ஒரு தடவை சிரித்திருக்கிறேன். அது மிளகுக் கொடியின் இலை. பின்னால் பார்த்தால், ஒரு கேப்சூலில் மஞ்சள் சாரம் 500 மில்லிகிராம், அதில் குர்குமினாய்டுகள், அதாவது மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமினும் அதன் வகையறாவும், 95 சதவீதம். மிளகுச் சாரமான பைப்பரின் 5 மில்லிகிராம்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் கலப்படம். மண்டிக்காரன் புத்தி அப்படித்தான் ஓடும். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் சேர்த்ததை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தபோது, அதைப் பற்றி எங்கள் பஜாரில் பேசாதவர்கள் இல்லை. இதிலும் அப்படி ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில், மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பதிவுசெய்து வருகின்றன. மஞ்சள் கேப்சூலால் வந்தவை என்று அவர்கள் பிரித்தெடுத்த 10 பேரின் விவரம் 2022-ல் வெளியானது. அதில் 5 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். அவர்கள் சாப்பிட்டவற்றில் 7 பேருடைய சரக்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழிலும் மஞ்சள் இருந்தது. மூன்றில் பைப்பரினும் இருந்தது.

"சரக்கு சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது ஐயா" என்றார் டாக்டர்.

அன்று இரவு அரிப்பில் தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கேப்சூலில் குர்குமினாய்டு 475 மில்லிகிராம். இரண்டுக்கு 950. எங்கள் பக்கத்து மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 950 மில்லிகிராமுக்குச் சுமார் 32 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர்; மாதம் 200 கிராம் தூள் ஆகிறது. மண்டிக்காரன் வீடு என்பதால் கை தாராளம். அப்படியும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஆக, குழம்பிலும் ரசத்திலும் நான் சாப்பிடுவதைப்போல ஏறத்தாழ 19 மடங்கு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் குர்குமின் வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. என் எடை 68 கிலோ. 204 மில்லிகிராம். நான் போட்டது 950.

இதில் மிளகு என்ன செய்கிறது? 5 மில்லிகிராம் பைப்பரின் என்பது இரண்டு மூன்று மிளகில் இருப்பதுதான். அந்த அளவு மிளகு ஒரு வாய்ப் பொங்கலிலேயே வந்துவிடும். ஆனால் அது செய்கிற வேலை வேறு. குர்குமின் சாதாரணமாக உடம்பில் தங்குவதே இல்லை. குடலும் கல்லீரலும் அதைப் பிடித்து, வேறொன்றோடு சேர்த்துக் கட்டி, வந்த வழியே அனுப்பிவிடுகின்றன. நம் பாட்டிமார் காலத்திலிருந்து மஞ்சளை இப்படி அள்ளிப் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மிளகின் பைப்பரின் இந்த வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது: 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியது. அதற்காகவேதான் கேப்சூலில் மிளகைச் சேர்க்கிறார்கள். இந்தத் தடுப்பு குர்குமினுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலின், படபடப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் புரோபிரனலால் போன்றவற்றின் அளவையும் ரத்தத்தில் பைப்பரின் உயர்த்துகிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். அடிவாரத்தில் சேலத்து மஞ்சள். மேலே சேர்வராயன் மலையில், காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படரும் மிளகு. இரண்டும் எங்கள் ஒரே மண்டிக்குள் பக்கத்துப் பக்கத்து அட்டியில் கிடக்கின்றன. அவை இரண்டையும் யாரோ எங்கோ ஒரு கூட்டுக்குள் அடைத்து, ரயிலேற்றி, என் வாய்க்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு ஒரு நாள், மீதமிருந்த கேப்சூலில் ஒன்றை மண்டி மேசையில் வெள்ளைத்தாளின் மேல் திறந்து கொட்டினேன். பக்கத்தில் நல்ல விரலியை இடித்து ஒரு சிட்டிகை. எங்கள் தூள் மஞ்சளாக இருந்தது. கேப்சூல் தூளோ காவியும் ஆரஞ்சும் கலந்த நிறம், கண்ணைப் பறித்தது. குனிந்து அதை முகர்ந்தேன். வாசனையே இல்லை. மூட்டை தூக்கும் தம்பியைக் கூப்பிட்டு, அவன் கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் மூக்கருகே நீட்டினேன். முதலாவதை மஞ்சள் என்றான். இரண்டாவதுக்கு, "சாக்பீஸா ஐயா?" என்றான். மஞ்சளின் மணம் அதன் எண்ணெயில் இருக்கிறது. சாரம் எடுக்கும்போது நிறத்தைத் தருகிற குர்குமின் மட்டும் தங்கி, எண்ணெய் பெரும்பாலும் போய்விடுகிறது. குத்தூசி போட்டுப் பார்த்திருந்தால் தை மாதமே தெரிந்திருக்கும், இது நம்முடைய சரக்கு இல்லை என்று.

வீட்டுக்கு வந்தவர்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். காமாலை என்று கேள்விப்பட்டதும் தெருவில் பாதிப் பேர் கீழாநெல்லியோடு வந்துவிட்டார்கள். மோரில் அரைத்துக் கலக்கிக் கொண்டுவந்த சொம்போடு ஒருவர் வாசலிலேயே நின்றார். நானும் சின்ன வயதில் குடித்து வளர்ந்தவன்தான். அதைக் கேலி செய்ய மாட்டேன். கீழாநெல்லியை வைத்துச் சென்னை ஆய்வாளர்கள் செய்த வேலை 1988-ல் உலகின் கவனத்தைப் பெற்றது. ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி கிருமி பற்றியது. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. எனக்கோ கிருமியே இல்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இப்போது உங்கள் கல்லீரலுக்குப் புதிய விருந்தாளி யாரும் வேண்டாம்." கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் குடித்துக் கல்லீரல் பாதித்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதியதையும் அவர்தான் சொன்னார். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருந்திருக்கலாம் என்றது. கொடி மாறிப்போவது மண்டிகளில் நடக்காத காரியமில்லை. இருந்தாலும் குடித்தவர் எந்தக் கொடி என்று எப்படித் தெரிந்துகொள்வார்? வந்த சொம்பை என் மனைவி மரியாதையாக வாங்கி, கொல்லைப்பக்கம் முருங்கைமரத்தடியில் ஊற்றினார்.

எனக்குக் கொடுத்த வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கேப்சூலை நிறுத்தினார்கள். அரிப்புக்கு ஒரு பொடி. வாரம் ஒரு தடவை ரத்தம். இரண்டாம் வாரத்தில் எஸ்ஜிபிடி 640. ஆறாம் வாரத்தில் பிலிருபின் 2.1, பதினோராம் வாரத்தில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. ஏறியதற்கும் 11 வாரம், இறங்கியதற்கும் 11 வாரம். பேரேடு நேராகிவிட்டது. சமையல் மஞ்சளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியும் மனைவி ஆடி வரை வெள்ளைக் குழம்புதான் வைத்தார். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முதல்நாள்தான் அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள் கிண்ணம் திரும்பி வந்தது.

அந்த இளம் டாக்டர் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தையும் நிரப்பி அனுப்பினார். நோயாளிகளே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பாட்டிலின் பேட்ச் எண்ணைப் பார்த்துச் சொன்னது என் பங்கு.

என்னை உறுத்திக்கொண்டே இருந்தது அக்கா விஷயம். அதே கேப்சூலை அவர் ஒரு வருடத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏன்? அந்த அமெரிக்க ஆய்வின் 10 பேரில் 7 பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்ததாம். எனக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. ஆனால் நானும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். போதாததற்கு அக்காவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார். குர்குமினும் ரத்த உறைவைக் கொஞ்சம் தளர்த்தக்கூடியது. ஆவணியில் ஒரு நாள் ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா என் பேச்சை எளிதில் கேட்கிறவர் இல்லை. "தம்பி, உன் உடம்பு எப்போதுமே சூட்டு உடம்பு. எனக்கு இது ஒத்துக்கொள்கிறது" என்றார். சண்டை போடவில்லை. பக்கத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். முடிவு சாயங்காலம் வந்தது: எல்லாம் சரியாகவே இருந்தன. எனக்கு நிம்மதி, அதே சமயம் என் வாதம் தோற்றுப்போனது போலவும் ஒரு சங்கடம். பிறகு கேட்டேன், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று. "மஞ்சளைப் போய் டாக்டரிடம் என்னவென்று சொல்வது?" என்றார்.

அங்கேயே போன் போட வைத்தேன். அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். எதிர்முனையில் டாக்டர் இரண்டே நிமிடம் பேசினார். போனை வைத்துவிட்டு அக்கா உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் முட்டிவலிக்கு இப்போது நீ என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டார்.

"பாராசிட்டமால், என்றைக்காவது. சம்மணம் போடுவதை விட்டுவிட்டேன். முதலாளி நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார்."

"வலி போய்விட்டதா?"

"இல்லை அக்கா, இருக்கிறது" என்றேன்.